தேய்ந்த கடைவாய்ப் பற்கள்

உத்திரமேரூருக்கு வெளியே, வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருக்கும் அம்முலுவின் இடுப்பில், மூன்று நாளாக ஊமையாய்க் கிடந்த போன் அலறுகிறது. தனியாக இருக்கும் மகளுக்கு என்ன ஆனதோ என்ற பயத்தில், படித்தது போதும், கிளம்பி வா என்று இன்று சொல்லிவிடுவதாகத்தான் இருக்கிறாள். மண் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் திரையைத் தொடுகிறாள். இங்கே காலை வெயில் ஏறுகிறது. அங்கே, அமெரிக்காவின் ஆளில்லாத பொட்டல் மேடுகளில், மாலை வெயில் இறங்குகிறது. “மேட்டு மேல ஏறினாத்தாம்மா சிக்னலு,” என்று சொல்லும் மகள் ஷாரோன், படிப்புக்காகத் தோண்டியெடுத்த மண்டையோடு ஒன்றை முகத்துக்கு நேரே தூக்குகிறாள். “ஆடு மாதிரியே கீதுல்ல? செத்து மூணு கோடி வருஷமாவுது.” ஆடு வளர்க்கிற அம்முலு உற்றுப் பார்க்கிறாள். “ஆட்டுக்கு ஏதுடி மேல முன்பல்லு? இது வேற எதுவோ. கடவாப்பல்லக் காட்டு.” சிரித்துக்கொண்டே ஷாரோன் அதைத் திருப்புகிறாள். பற்கள் கூழாங்கல்லைப்போல வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. அந்தப் பொட்டலிலும் ஒரு வாயில்லா ஜீவன் பல் தேயும்வரை மேய்ந்திருக்கிறது. மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அம்முலு மெல்ல விடுகிறாள். “வயசாயித்தான் செத்துருக்கு,” என்கிறாள். “நீ வேலைய முடிச்சிட்டே வா.”