மெருகு ஏறாத சப்போட்டா

கொளஞ்சியப்பன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி சூப்பர்வைசர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

"டாக்டர் உடம்பக் குறைக்கச் சொல்லியிருக்காரு. இன்னிக்குப் பழம் ஏதாவது தின்னியா?"

"தெனம் ஒண்ணு தின்னலாம்னுதாங்க சொன்னாரு," என்றாள் மனைவி ஆதிலட்சுமி.

"அவரு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு. பழத்துலயும் சர்க்கரைதான் இருக்குது. நீ இளைக்கிற வரைக்கும் இந்த வூட்டுல பீங்கான் பழம் மட்டும்தான்!"

சொல்லிக்கொண்டே அலமாரிக் கண்ணாடி வழியாக உள்ளேயிருந்த பழத்தட்டைப் பார்த்தார். மாம்பழம், ஆப்பிள், சப்போட்டா எல்லாம் கம்பெனியில் அவரே பொறுக்கி எடுத்து வந்த பீங்கான் பழங்கள். திடீரென்று முகம் சுளித்தார்.

"ஓரத்துல இருக்கிற சப்போட்டாவப் பாரு. மெருகே ஏறல. கலரும் மட்டம். நெஜ சப்போட்டா இப்பிடியா இருக்கும்? இது எப்பிடி என் கண்ணுக்குத் தப்புச்சு?"

"நீங்க பார்த்தா சரியாத்தாங்க இருக்கும்."

"மொதல்ல அதக் கழிச்சிடு. யாராவது பார்த்தா என் மானம் போயிடும்."

ஆதிலட்சுமி அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கழிச்சிட்டியா?"

வாயிலிருந்த கொட்டையைத் துப்பிவிட்டு அவள் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணுதானே, கழிச்சிட்டேங்க!"