இருமல் இல்லாத டேக்

"அப்பா, உங்க இருமலால மூணு டேக் வீணாப்போச்சு. கொஞ்சம் வெளியில போய் நில்லுங்களேன்!"

அப்பா போர்த்தியிருந்த போர்வையோடு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்குடி," என்றாள் அம்மா.

"வரட்டுமே! இசைக்குழு வீடியோவுக்கு அத்தனை பிள்ளைங்களும் அவங்கவங்க வீட்டுல வாசிச்சு அனுப்புறாங்க. என் வயலின்ல மட்டும் இருமல் கேட்டா மானம் போயிடும்."

போன் கேமராவை ஓடவிட்டு, இயர்போனை மாட்டி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாசித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பதிவைக் கேட்டாள். இருமல் இல்லை. கொட்டுகிற மழையில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் தகரம்கூடத் தடதடக்கவில்லை. 'நல்லவேளை!' என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் இசைக்குழுவின் வீடியோ வந்தது. கூடவே தோழியின் மெசேஜ்: "உனக்குப் பின்னாடி மழையில நிக்கிறது யாருடி?"

தன் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, தொப்பலாக நனைந்தபடி, தன் போர்வையைத் தகரத்தின்மேல் விரித்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார் அப்பா. பற்களுக்கிடையே துண்டு.

போனைக் கீழே வைத்தாள்.

பக்கத்து அறையிலிருந்து இருமலை விழுங்கிக்கொண்டு ஒரு குரல் கேட்டது.

"என் சத்தம் எதுவும் விழலையேம்மா?"