எழும்பும் கல்

"சார், மறுபடியும் கல் எழும்பிடுச்சு. கம்பெனிக்குப் போன் போடுங்க."

சத்தியசீலன்தான். துவாரகா அபார்ட்மென்ட்டின் செயலாளர் கிருஷ்ணபிரசாத்துக்கு எரிச்சலாக வந்தது.

இரும்பாலையில் கழிவென்று கொட்டுகிற கசடில் செய்த கற்கள். பூங்கா நடைபாதைக்கு அந்தக் கம்பெனிக் கல்லைத்தான் போட வேண்டும் என்று கமிட்டியில் ஒற்றைக்காலில் நின்றவர் இதே மனிதர். போட்ட பிறகு மாதாமாதம் புகார் சொல்கிறவரும் இவரே.

"உங்க பால்கனிக்குக் கீழே இருக்கற ஒரு கல் மட்டும் எப்படி சார் எழும்புது?"

"அதை அவங்க இன்ஜினியரைக் கேளுங்க."

மறுநாள் இன்ஜினியர் லிடியா கொத்தனாருடன் வந்தாள். குனிந்து கல்லைத் தட்டிப் பார்த்தாள்.

"அவசரப்பட்டுக் கசடைக் கல்லாக்கினா, ஈரம் பட்டதும் உப்பும் சார். அதனால மாசக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் போட்டு ஆற விடுவோம். இது நல்லா ஆறின சரக்கு."

மேலே இரண்டாம் மாடியில் சத்தியசீலன் பேப்பரை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"புகார் சொல்லத் தெரியுது, இறங்கி வரத் தெரியலை பாருங்க!" கிருஷ்ணபிரசாத் குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்க கல் மேல தப்பில்லை. நேத்து வாக்கிங் போறப்ப என் கண்ணால பார்த்தேன். அந்த மனுஷனே ஸ்க்ரூடிரைவரால நெம்பறார்! உங்க முன்னாடியே நாலு வார்த்தை கேட்கத்தான் வரச் சொன்னேன். வாங்க மேலே."

"வேண்டாம் சார்." லிடியா அவசரமாக வழிமறித்தாள். "அவர் எங்கப்பா."

கிருஷ்ணபிரசாத் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தார்.

"ஆரிப்பைக் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப, இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டார். வீம்புல நானும் மிதிக்கல."

"ஓஹோ... அதான் மாசாமாசம் உங்களை வரவழைக்கறாரா? இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. போய் ஒரு வார்த்தை பேசிடலாமேம்மா?"

"முதல் தடவை வந்தப்ப அந்தப் பேப்பர் முகத்தையே மறைச்சிருந்தது சார். இப்ப நெஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கு." அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "ஆறட்டும்."

கொத்தனார் மணலைச் சமப்படுத்திக் கல்லைப் பதித்தார். இறுக்கி அடிக்கச் சுத்தியலை ஓங்கினார்.

"அண்ணே, ரொம்ப இறுக்காதீங்க" என்றாள் லிடியா. "நெம்பறப்ப அவருக்குக் கை வலிக்கும்."