மூணு மாச மாத்திரை

பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் பாண்டியராஜன், ஓடைப்பட்டித் தோட்டத்தில் தனியாக இருக்கும் தாயின் கையில் மாத்திரை டப்பாவை வைத்தான். வாசலில் கிடந்த கிழட்டுக் கோம்பை நாய், வந்தவனைப் பார்த்துக் குரைக்கவும் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டது.

“ஆத்தா, இது புதுசு. வயசாகுறதையே தள்ளிப்போடும். மூணு மாசம் விடாம சாப்பிடு. அப்பவும் சர்க்கரையும் பிரஷரும் குறையலைன்னா, திராட்சைத் தோட்டத்தை வித்துட்டு என்கூடக் கிளம்பணும்.”

“குறைஞ்சிருச்சுன்னா?” என்றாள் சந்தனம்மாள்.

“அப்புறம் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்.”

“பேச்சு மாறக்கூடாதுடா. இந்தத் திராட்சைப் பந்தலை விட்டு நான் அசைய மாட்டேன்.”

மூன்று மாதம் கழித்து, கம்பத்து டாக்டர் சந்தனம்மாளின் பிரஷரை அளந்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்து அசந்துபோனார்.

“ரெண்டுமே இறங்கிருச்சு தம்பி. பத்து வயசு குறைஞ்ச மாதிரில்ல நடக்குறாக உங்கம்மா!”

“எங்க மாத்திரை ஜெயிச்சிருச்சு!” பாண்டியராஜனுக்குத் தலைகால் புரியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பினார்கள். முள்வேலியை ஒரே தாவலில் தாண்டி வந்த நாய், அவன் நெஞ்சில் இரண்டு காலையும் போட்டு மல்லாக்கத் தள்ளியது.

“ஏது ஆத்தா, புது நாயா?”

“ஏலே, நம்ம பழைய வீரன்தான். உன் மாத்திரையில ஒண்ணுகூட நான் முழுங்கலை. அம்புட்டையும் சோத்துல பிசைஞ்சு இவனுக்குத்தான் போட்டேன்.”

“அப்ப உனக்கு எப்படிக் குறைஞ்சுச்சு?”

“விடிஞ்சதும் முயலைத் தேடி ஓடிர்றான். இவனைப் பிடிச்சு இழுத்துட்டு வர தினமும் ஊரையே சுத்துறேனே, பத்தாதா?”

எழுந்து மண்ணைத் தட்டியவனைப் பார்த்துச் சந்தனம்மாள் கையை நீட்டினாள்.

“தோட்டம் விக்கிறதுக்கில்லை. அடுத்த டப்பாவைக் குடுத்துட்டு பஸ் ஏறு.”