ஜெசிந்தாவின் முப்பது யூனிட்

பிலோமினாவின் மகள் ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. பிறவி நோயால் அவள் உடம்பிலுள்ள செல்கள் ஒரு நாளைக்கு முப்பது யூனிட் சக்திதான் உண்டாக்கும். மீதி எவ்வளவு என்று மணிக்கட்டிலிருக்கும் பட்டை காட்டும். தலை சீவ நான்கு போகும், விழுந்து விழுந்து சிரித்தால் ஆறு.

கடற்கரையில் ஓட அறுபது வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. மற்ற வீடுகளில் கறியை விட்டார்கள். பிலோமினா மகளிடம் சிரிப்பை விடச் சொன்னாள். தினமும் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் ஈஸ்டர் அன்று பிள்ளை ஆசை தீர ஓடலாம். காலைதோறும் பட்டை முப்பதைத்தான் காட்டியது. சேர்ந்தது உள்ளே தனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆடு மாதிரிக் கத்திச் சிரிப்பு மூட்டும் கணவன் ரொசாரியை அறைப்பக்கமே விடவில்லை. ஒருநாள் அவன் கதவுக்கு வெளியே நின்று கத்தியபோது, ஜெசிந்தா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஈஸ்டர் காலையிலும் பட்டையில் முப்பதுதான். பிலோமினா பதறிப்போய், பட்டையை மாட்டிவிட்ட நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"நாப்பது நாளா மிச்சம் பிடிச்சதெல்லாம் எங்க போச்சு?"

"அதச் சேத்து வைக்க முடியாதுக்கா. செல்லுல அன்னன்னைக்கு உண்டாகுறது அன்னன்னைக்கே தீந்துரும். யாரும் சொல்லலையா?"

புதுக் கவுனும் செருப்பும் போட்டுக் கட்டிலில் காத்திருந்த ஜெசிந்தாவுக்கும் அது கேட்டது.

"அப்ப, அன்னைக்கு அப்பா கத்துனப்ப நான் சிரிச்சிருக்கலாமாம்மா?"

வாசலில் நின்ற ரொசாரி ஆடு மாதிரிக் கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.