வெளிச்சம் விழும் இடம்

"இது மேசை விளக்கா, மேடை விளக்கா?" என்று கேட்டார் கரண்ட் சார்.

பள்ளியில் மின்வேலையும் மரவேலையும் சொல்லித் தருகிற ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. எட்டாம் வகுப்புக்கு அவர் கொடுத்த வேலை, வீட்டு மேசைக்கு ஒரு விளக்கைத் தாங்களே வரைந்து, தாங்களே செய்வது. தேறிய விளக்கு செய்தவரோடு வீட்டுக்குப் போகும். தேறாததைப் பிரித்துவிடுவார்; ஹோல்டரும் சுவிட்சும் ஒயரும் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

வெளியே மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கே அறை மங்கிவிட்டது. மேசைக்கு மேசை ஒரு விளக்கு எரிய, மரத்தூள் வாசனைக்கு நடுவே பிள்ளைகள் எல்லாரும் தண்ணீருக்கு அடியில் இருப்பவர்களைப் போல மெதுவாக அசைந்தார்கள். சாருக்கே குரலை உயர்த்த மனம் வரவில்லை.

"சொல்லும்மா. புத்தகம் எங்கே இருக்கு?"

"மேசை மேல, சார்."

"வெளிச்சம் எங்கே விழுது?"

"என் மேல, சார்."

எந்நேரமும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பதால் வகுப்பில் அவளுக்குச் சொப்பனம் என்று பெயர். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிஸ்கட் டின்னை வெட்டி மூடி செய்து, விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்திருந்தாள். வளைகிற கம்பிக் கழுத்து, நிறுத்திய இடத்தில் நின்றது. கண் கூசாமலிருக்கப் பல்புக்கு முன்னால் மெல்லிய தாள் ஒட்டியிருந்தாள். வரைபடத்தில், மேசையிலிருந்து தாடை எத்தனை அங்குலம், எதிர் நாற்காலி எத்தனை அடி என்றுகூடக் குறித்திருந்தாள். அத்தனையும் செய்துவிட்டு, விளக்கின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்திருந்தாள். வெளிச்சம் அவள் தாடையிலிருந்து கன்னம் வரை பால் போலப் பரவி நின்றது. புத்தகம் பாவம், இருட்டில் கிடந்தது.

சார் மூடியைக் கீழே திருப்பிக் காட்டினார். "இப்படி."

அடுத்த மேசையைப் பார்த்துவிட்டு அவர் திரும்புவதற்குள் அது மறுபடி அவள் முகத்துக்கே போயிருந்தது.

"எதிர்ல கண்ணாடி ஏதும் வைக்கப் போறியா? அழகு பார்க்கவா?"

பின் பெஞ்சு சிரித்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எதிர்ல ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க சார். அவங்களுக்கு நான் நல்லாத் தெரியணும்."

"நீ படிக்கப் போறியா, படம் எடுக்கப் போறியா?"

"படிப்பேன் சார். நடுநடுவுல நிமிருவேன்."

சிரிப்பதா அதட்டுவதா என்று சாருக்குத் தெரியவில்லை. "நாளைக்கு வீட்டுலேருந்து யாரையாவது கூட்டிட்டு வா. நான் முட்டை போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அப்போதுதான் அவள் முகம் வாடியது. "பிரிச்சிடுவீங்களா சார்?"

"புத்தகத்துல வெளிச்சம் விழலேன்னா பிரிக்காம என்ன செய்யறது?"

கடுமையாகச் சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியான விளக்கு அவர் கைக்கு வந்ததில்லை. அதனால்தான் கோபமும் அதிகமாக வந்தது.

மறுநாளும் மழை. பள்ளி விட்டதும் அவளோடு அவளுடைய அம்மா வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வரிசையாக நின்ற விளக்குகளைப் பார்த்தபடி உள்ளே நின்றார். சார் சுற்றி வளைக்கவில்லை. விளக்கைக் கையில் எடுத்து, அடிக்கட்டையில் திருகாணியைத் தேடிக் குனிந்தபடியே பேசினார்.

"உங்க பொண்ணுக்குக் கைவேலை சுத்தம். ஆனா பிடிவாதம் இருக்கு பாருங்க, அது அவளைவிட உயரம். மேசை விளக்குன்னா புத்தகத்துக்கு. இவ தன் முகத்துக்கு வச்சிருக்கா. கீழே ஒரு திருப்பு திருப்பினா மார்க் போட்டுடுவேன், மாட்டேங்கறா. நீங்களாவது சொல்லுங்க."

பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். அம்மா இன்னும் விளக்குகளைப் பார்த்துத் தனக்குள் புன்னகைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குச் சொப்பனம் எங்கிருந்து வந்தது என்று சாருக்கு விளங்கிவிட்டது. மரியாதைக்காவது 'அப்படியா' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"சரி, அப்ப பிரிச்சிடறேன்" என்று ஸ்க்ரூடிரைவரைத் திருகாணியில் வைத்தார்.

பக்கத்தில் நின்ற மகள் அவர் கையிலிருந்து விளக்கை மெதுவாக வாங்கினாள். மேசையில் வைத்துப் பிளக்கைச் செருகினாள். அம்மாவை எதிர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் முகத்தில் பரவியதும், சார் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னாள். உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தமே வரவில்லை.

அம்மா முழுவதையும் பார்த்து முடித்துவிட்டுச் சாரிடம் திரும்பினார்.

"பிடிவாதக்காரிதாங்க. எனக்குக் காது போய் ரெண்டு வருஷமாச்சு, இவ உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு புரியும். எங்க வீட்டு லைட்டு இவ முதுகுக்குப் பின்னாடி இருக்கு. பொழுது சாஞ்சா அப்புறம் நாங்க பேசிக்கறதே இல்லைங்க."

கரண்ட் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டென்று நிறுத்தி, விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."