மூலை வெட்டிய பாஸ்போர்ட்

“பொழைக்க வந்த எல்லாரும் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு வருஷக்கணக்கா நாயா அலையுறாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க கூப்பிட்டுக் கொடுக்குறாங்க?” என்றாள் மனைவி.

“நம்ம நேரம்டி,” என்றார் வெல்டர்.

அவள் நம்பவில்லை. கப்பல் பட்டறை பாய்லர் வெடித்து மூன்று பேர் செத்ததை வெளியே சொன்ன ஒரே ஆள் இவர். அதற்காகப் போன மாதம் போலீஸ் பிடித்துப்போய், மாலையே விட்டுவிட்டது.

“என்னைத் தொட பயம்!” என்று அன்று மார்தட்டினார்.

மனைவி கேட்டதற்கு மறுநாள், குடியுரிமை அலுவலகத்தில் அவருக்கு ராஜமரியாதை. உறுதிமொழி முடிந்ததும், அதிகாரி பழைய பாஸ்போர்ட்டை வாங்கி, கத்தரிக்கோலால் மூலையை வெட்டினார்.

“இனிமே அந்த நாட்டுக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. சரிதானே?”

“ஆமா சார். இனி நான் உங்க ஆளு.”

அதிகாரி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். உள்ளறையிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

“என்ன சார் இது?”

“போன மாசம் உங்களை விடச் சொல்லி உங்க தூதரகம் உயிரை எடுத்துச்சு. இப்ப நீங்க எங்க ஆளாச்சே, யாரு கேப்பா?”

“வெளிய என் சம்சாரம் இருக்கா. அவ கேப்பா!”

“தெரியும். அவங்க விண்ணப்பத்தையும் நாளைக்கே முடிச்சுக் கொடுத்துடுறோம்.”